24 வோல்ட் ராணுவ டிரக்கை 12 வோல்ட்டுக்கு மாற்றலாமா? எதையெல்லாம் மாற்றணும்?

அமெரிக்காவில் ராணுவம் கழித்துவிட்ட டிரக்குகளை வாங்கி ஓட்டுபவர்கள் நிறைய பேர். அவர்களிடம் பிரபலமான ஒன்று, 1951 முதல் 1968 வரை டாட்ஜ் நிறுவனம் தயாரித்த எம்37. வாங்கியதுமே வரும் முதல் சிக்கல், இதில் இருப்பது 24 வோல்ட் மின்சாரம். சாதாரண கார் பல்பு, ரேடியோ, போன் சார்ஜர் எல்லாமே 12 வோல்ட். நேரடியாக மாட்டினால் பல்பு ஃபியூஸ் போய்விடும்.

ராணுவத்துக்கு ஏன் 24 வோல்ட்?

வோல்டேஜ் இரண்டு மடங்கானால், அதே வேலைக்குப் பாதி கரண்ட் போதும். 48 வாட் விளக்குக்கு 24 வோல்ட்டில் 2 ஆம்பியர். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர். கரண்ட் குறைந்தால் வயரில் சூடும் இழப்பும் குறையும். நம்மூர் லாரி, பஸ்ஸில் 24 வோல்ட் இருப்பதற்கும் இதுதான் காரணம். எம்37-ல் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள்.

அப்போ ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் என்ன?

பலரும் செய்யும் குறுக்கு வழி இது. ஆனால் பேட்டரிக்கு ஆபத்து. அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே வரும். மற்றொன்றுக்கு சார்ஜ் அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் இரண்டுமே வீணாகும்.

முழுசா மாற்ற என்னென்ன வேண்டும்?

* சார்ஜிங்: 24 வோல்ட் ஜெனரேட்டர், ரெகுலேட்டரை எடுத்துவிட்டு 12 வோல்ட் ஆல்டர்னேட்டர்.
* ஸ்டார்ட்டர்: 24 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டில் மந்தமாகத்தான் சுற்றும். எஞ்சினுக்குப் பொருந்தும் 12 வோல்ட் மோட்டார் வேண்டும்.
* இக்னிஷன்: தண்ணீர் புகாத ராணுவ டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே காயில் இருக்கும். அதற்குப் பதிலாக 12 வோல்ட் டிஸ்ட்ரிபியூட்டர், தனி காயில்.
* பல்புகள், இண்டிகேட்டர் ஃபிளாஷர் அனைத்தும்.
* பெட்ரோல், வெப்ப மீட்டர்கள்: மீட்டரையும் அதன் சென்சாரையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

பேட்டரி ஒன்றே போதும். இரண்டும் வேண்டுமென்றால் தொடர் இணைப்பைக் கழற்றி, பக்க இணைப்பாகக் கொடுக்க வேண்டும்.

எங்கே தீப்பிடிக்கும் அபாயம்?

பழைய வயரில்தான். கரண்ட் இரண்டு மடங்கானால் அதே வயரில் சூடு நான்கு மடங்கு ஆகும். அதனால் பேட்டரியில் இருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிள் தடிமனாக இருக்கணும். மற்ற வயர்கள் தாங்குமா என்று பார்த்து, தாங்கும் அளவுக்கே ஃபியூஸ் போடணும். வேலையை ஆரம்பிக்கும் முன் பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, ராணுவ வண்டிகள் ஒன்றுக்கொன்று ஸ்டார்ட் கொடுத்துக்கொள்ளும் சாக்கெட். மாற்றிய பிறகு அதைத் துண்டிக்காவிட்டால், உதவிக்கு வரும் 24 வோல்ட் வண்டியே உங்கள் வயரிங்கைப் பாழாக்கிவிடும்.

மாற்றாமலே ஓட்ட முடியுமா?

தாராளமாக. ரேடியோ, போன் சார்ஜர் மட்டும்தான் தேவை என்றால், 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். வண்டி பழைய நிலையிலேயே இருக்கும், செலவும் குறைவு. ஜெனரேட்டர், ஸ்டார்ட்டர் ரெண்டுமே பழுதாகி, 24 வோல்ட் பாகங்களும் கிடைக்காத நிலை என்றால், முழு மாற்றத்தில் இறங்கலாம். ஆனால் பாதி 24, பாதி 12 என்று நடுவில் மட்டும் விட்டுவிடக் கூடாது.