ஜெனீவாவில் இருந்து வந்த பதில் ஸ்பாமுக்குள் கிடக்கிறதா?

காணாமல் ஆக்கப்பட்ட உறவைப் பற்றி ஐ.நா.வின் காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான செயற்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பியவர்கள், அதில் எந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தோம் என்பதை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. பல வீடுகளில் அது தாயின் முகவரி அல்ல. பேரனுடையது, அல்லது படிவம் நிரப்பித் தந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை இன்று கனடாவில் இருக்கலாம்.

அரசாங்கம் ஒரு முறைப்பாட்டுக்குத் தெளிவான பதில் கொடுத்திருப்பதாகச் செயற்குழு கருதினால், அதை முறைப்பாட்டாளருக்கு அறிவிக்கும். 6 மாதங்களுக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் அந்தச் சம்பவம் தெளிவுபடுத்தப்பட்டதாகக் கொள்ளப்படலாம். ஜிமெயிலோ, ஸ்பாம் பெட்டிக்குள் போன கடிதத்தை 30 நாட்களில் தானாகவே அழித்துவிடும். வாசிக்காத கடிதத்துக்கு மறுப்பு எழுதுவது எப்படி?

ஸ்பாம் வடிகட்டி கடிதத்தின் உள்ளடக்கத்தை நம்மைப் போல் விளங்கிக்கொள்வதில்லை. அனுப்பியவர் யார், இதற்கு முன் அவரோடு தொடர்பு இருந்ததா, இணைப்புகள் உண்டா, இதுபோன்ற கடிதங்களை மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பவற்றை வைத்துக் கணிக்கிறது. முன்பின் அறியாத வெளிநாட்டு முகவரியில் இருந்து, கோப்பு இணைத்து, ஆங்கிலத்தில் வரும் கடிதம் அதன் கண்ணில் சந்தேகத்துக்குரியதாகப் படலாம்.

முதலில் கைபேசியில் ஜிமெயிலின் இடப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளை அழுத்தி ஸ்பாம் பெட்டியைத் திறவுங்கள். தேவையான கடிதம் அங்கே இருந்தால், 'நொட் ஸ்பாம்' என்று குறியிடுங்கள். அது இன்பொக்ஸுக்கு வந்துவிடும், வடிகட்டியும் கற்றுக்கொள்ளும்.

நிலையான ஏற்பாட்டுக்குக் கணினி வேண்டும், கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பெட்டியின் வலப்பக்க ஓரத்தில் உள்ள குறியை அழுத்துங்கள். 'ஃப்ரொம்' என்ற இடத்தில் அனுப்புபவரின் முகவரியை இட்டு, 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்' என்பதற்குச் சரி போட்டு, மீண்டும் 'கிரியேட் ஃபில்டர்' கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. காணாமற்போனோர் அலுவலகம், சட்டத்தரணி, மனித உரிமை அமைப்பு என்று பதில் எதிர்பார்க்கும் ஒவ்வொரு முகவரிக்கும் இதைச் செய்யலாம். ஆனால் வெறுமனே 'ஜிமெயில் டொட் கொம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். யார் வேண்டுமானாலும் திறக்கக்கூடிய முகவரி அது, மோசடிக்காரருக்கும் கதவு திறந்துவிடும்.

ஸ்பாமுக்குள் தேடும்போது, "உங்கள் மகன் பற்றிய தகவல் உண்டு, பணம் அனுப்புங்கள்" என்ற மாதிரியும் ஏதாவது கண்ணில் படக்கூடும். செயற்குழுவோ காணாமற்போனோர் அலுவலகமோ முறைப்பாட்டுக்குக் கட்டணம் கேட்பதில்லை. அப்படியான கடிதத்தின் இணைப்பை அழுத்தாமல், நம்பிக்கையான ஒருவரிடம் காட்டுங்கள்.

பழைய முகவரியை இப்போது எவரும் திறப்பதில்லை என்றால், எந்த வடிகட்டியாலும் பயனில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிப்பிட்டு, புதிய முகவரியைச் செயற்குழுவுக்கு எழுதி அறிவித்துவிடுங்கள்.