ஊராத்துறையும் சீனத்துக் கடல்வழியும்

வேலணைத் தீவின் வடமேற்கு முனையில், காரைநகரை நோக்கியவாறு அமைந்துள்ளது ஊர்காவற்றுறை. இரு கரைகளுக்கும் இடையேயுள்ள கடல் ஒடுங்கியது. காற்றுக்கும் அலைக்கும் ஒதுக்கமானது. பாக்கு நீரிணையிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குட் புகும் மரக்கலங்களுக்கு அது வாயிலாயிருந்தது. பழைய சாசனங்கள் இவ்விடத்தை ஊராத்துறை என்று வழங்குகின்றன. சீனத்துக் கரையோரப் பெருநகரங்களைப் பற்றிக் கேள்வியுற்ற நேயர்களுக்கு, இச் சிறு பட்டினத்தையும் அவற்றோடு சேர்த்துப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அத் தொடர்புக்கு மண்ணே சான்று பகர்கின்றது.

அதே தீவின் கிழக்குக் கோடியிலுள்ள அல்லைப்பிட்டியில், 1977 ஆம் ஆண்டளவில் சீனப் பீங்கான் ஓடுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. அவை சுங் வமிசத்தார் சீனத்தை ஆண்ட காலத்தவை. பதினோராம் நூற்றாண்டையும் அதனை அடுத்த சில ஆண்டுகளையும் சார்ந்தவை. 2018 ஆம் ஆண்டில் ஷாங்காய் நூதனசாலை ஆய்வாளர் இலங்கை ஆய்வாளரோடு கூடி அவ்விடத்தை அகழ்ந்தபோது மேலும் பல நூறு துண்டுகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை தென்சீனக் கரையிலுள்ள குவாங்தொங் மாகாணத்துச் சூளைகளிற் சுட்டவை. அக் கலங்களை ஏற்றிவந்த கப்பல் சீனருடையதோ, தமிழருடையதோ, அராபியருடையதோ என்று ஓடு சொல்லாது. சரக்கு வந்தது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமற்றது.

தொலைதேசத்து வணிகன் இக் கரையை நாடி வரக் காரணம் என்ன? நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள ஒரு கல்வெட்டு இதற்கு விடை தருகின்றது. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறதேசத்தார் ஊராத்துறையில் வந்து தங்கலாம். அவர்களுக்குக் காவல் உண்டு. பல துறைகளிலிருந்தும் வணிகர் வந்து கூடவேண்டும் என்று அரசன் அறிவிக்கின்றான். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், காற்கூறு பண்டாரத்துக்கு, முக்காற்கூறு உடையவனுக்கு. ஏனைய சரக்கானால் செம்பாதி அரசனுக்கு, செம்பாதி உடையவனுக்கு.

பாதியை அரசன் கொள்வது நம் காதுக்குக் கொடுமையாகத் தோன்றக்கூடும். ஆனால் கரையொதுங்கிய பொருள் முழுவதையும் நிலத்துக்குரிய மன்னர் கவர்ந்துகொள்வது அக்காலத்துப் பல கடற்கரைகளின் வழக்கம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைக்குக் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244 ஆம் ஆண்டளவில் ஓர் அபய சாசனம் அளித்தான். முன்னை மன்னர் அவ்வாறு கவர்ந்தனர் என்றும், தான் தீர்வை மாத்திரமே கொள்வான் என்றும் அதிற் கூறுகின்றான். ஊராத்துறை ஆணை அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. கப்பல் உடைந்தவன் வெறுங்கையனாகத் திரும்பான் என்னும் உறுதியே துறையின் முதன்மையான மூலதனமாயிற்று. யானைக்குத் தனிச்சலுகை அளித்ததும் காரணமின்றி அன்று. யானை வாணிபத்திற் பர்மிய அரசன் விளைத்த இடையூறே அவன்மீது பராக்கிரமபாகு படையனுப்பிய காரணங்களுள் ஒன்று எனச் சூளவமிசம் கூறுகின்றது.

சிங்கள மன்னன் இவ்வாணையைத் தமிழிற் பொறித்தமை கவனிக்கத்தக்கது. தமிழ் அன்று கடல்வணிகரின் மொழிகளுள் ஒன்று. சீனத் தளபதி செங் ஹோ கொணர்ந்து காலியில் நாட்டிய 1409 ஆம் ஆண்டுக் கல்லிலும் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழ் உண்டு.

இவ்வழியின் மறுகோடியில், அராபியர் சைத்தூன் என அழைத்த சுவான்சௌ நகரம் இருந்தது. அங்கே 1281 ஆம் ஆண்டில் சம்பந்தப்பெருமாள் என்பார் குப்ளாய்க் கானின் நலங்கருதிச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று அந்நகரிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. அந்நியனுக்குக் குடியிருக்க இடம், தொழக் கோயில், பொருளுக்குக் காவல் ஆகியவற்றை அந்நகர் கொடுத்தது. செல்வத்திலும் சனத்தொகையிலும் ஊராத்துறை அதற்கு ஈடாகாது. அவ்வாறு பெருமை பேசுதல் தகாது. எனினும் இரு துறைகளும் நம்பியது ஒன்றையே. மிங் அரசர் 1371 ஆம் ஆண்டிற் குடிகளின் கடல்வாணிபத்தைத் தடைசெய்தபின் சுவான்சௌ தளர்ந்தது. துறையிற் படிந்த மணலும் அத் தளர்ச்சிக்குத் துணைசெய்தது.

ஊர்காவற்றுறை வேறு விதமாகத் தேய்ந்தது. போர்த்துக்கீசர் இதனை யானைத்துறை என்றே அழைத்தனர். துறையைக் குறிக்கும் அவர்கள் சொல்லே ஆங்கிலத்திற் கயிற்ஸ் எனத் திரிந்தது. வன்னியிற் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டை அடைந்து, இங்கிருந்து கப்பலேறின. ஒருகாலத்தில் யானை வந்திறங்கிய துறையே பின்னர் யானை அனுப்பும் துறையானமை வரலாற்றின் வேடிக்கை. 1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை இன்றும் நீரின் நடுவே நிற்கின்றது. ஆங்கிலேயர் காலத்திற் பாய்க்கப்பல்கள் இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் ஓடின. நீராவிக் கப்பலுக்குக் கொழும்புத் துறைமுகம் வாய்த்தது. 1905 ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதையும் நிறைவெய்தியது. சரக்கு தரைவழி திரும்பியது. 1990 ஆம் ஆண்டு தொடங்கிய போர்க்காலத்திற் குடிகளுட் பெரும்பாலோர் இடம்பெயர, வீடுகள் கூரையிழந்தன.

இப்பொழுது மீன்பிடிப் படகுகளும், காரைநகருக்குச் சனங்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச்செல்லும் பாதையுமே அக் கடலைக் கடக்கின்றன. பாதையில் நிற்பவர்க்கு வலப்புறமும் இடப்புறமும் நீரே தெரியும். நயினாதீவுக் கல்லோ தெற்கே, அம்மன் ஆலயத்தில் உள்ளது.