உங்களுக்குத் தெரியுமா? மீசையால் ருசி பார்க்கும் கெளுத்தி!

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அங்கே வலையில் விழும் மீன்களில் ஒன்று மிஸ்டஸ் குலியோ என்ற கெளுத்தி. இருட்டிய பிறகுதான் இரை தேடும். மீசை நிறைய சுவை மொட்டுகள். கலங்கிய நீரிலும் அடிமண்ணைத் துழாவியே புழுவையும் சின்ன இறாலையும் கண்டுபிடித்துவிடும்.

கெளுத்தி வளர்க்கும் தொட்டியில் கூர்மையான சரளைக்கல் போட்டால் அந்த மீசை தேய்ந்து புண்ணாகும். பாவம், வாயில்லா ஜீவன்! நன்றாக அலசிய நைசான மணலே போதும். பகலில் ஒதுங்க, சாய்த்துவைத்த மண்சட்டியோ பிவிசி குழாயோ வேண்டும். குழாயின் வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். தீனியை விளக்கணைத்த பிறகு போடுங்கள். இடம் மாற்றும்போது வலை வேண்டாம், துடுப்பு முள் சிக்கிக்கொள்ளும். கையில் குத்தினால் கடுகடுக்கும். டப்பாவால் தண்ணீரோடு மொண்டெடுப்பதே நல்லது.