வானம் மாறிய கடற்கரை

சென்ற ஆண்டு என் வீட்டுச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. அதில் எங்கள் கல்முனைக் கடற்கரையின் படம் அச்சிடப்பட்டிருந்தது. மணலில் ஏற்றி வைத்த தோணிகள், உலரப் போட்ட வலை, ஓரமாய்ச் சாய்ந்து நிற்கும் தென்னைகள். அவற்றுக்கு அப்பால் செம்பை உருக்கி ஊற்றினாற்போன்ற வானம், நீரைத் தொடும் நிலையில் கதிரவன். ‘அந்தி மயங்கும் கல்முனை’ என்று அடியில் எழுதியும் இருந்தது. வந்தவர் யாவரும் அதனைப் புகழ்ந்தனர். கரைவலை இழுத்து வயது போன அயல்வீட்டு மூத்தவர் ஒருவர் மாத்திரம் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இதெந்த ஊருக் கடல் மகன்? நம்மட ஊருல பொழுது கடலுக்குள்ளயா படுது? வட்டைக்குள்ளதானே படுது?” என்றார்.

எனக்கு வெட்கமாயிற்று. மருதமுனை முதல் பொத்துவில் வரை இந்தக் கரை முழுவதும் கிழக்கு நோக்கியது. எங்களுக்குக் கடல் தருவது உதயம். அத்தமனம் காண வேண்டுமாயின் கடலுக்கு முதுகு காட்டி, கரைவாகு வட்டையின் வயல்வெளிக்கோ கிட்டங்கிப் பக்கத்துக்கோ செல்ல வேண்டும். பிறந்த நாள் முதல் கண்டு வந்த இவ்வுண்மையை ஓர் அழகிய படம் சில மாதங்கள் என்னை மறக்கச் செய்துவிட்டது. நண்பகலில் எடுத்த படமொன்றின் வானத்தைக் கழற்றிவிட்டு, மேற்குக் கரையின் வானம் ஒன்றைக் கணினியின் துணையால் யாரோ பொருத்தியிருக்கிறார் என்பது பின்னரே புலப்பட்டது.

இவ்வாறு வானத்தை மாற்றும் தேவை ஏன் எழுகின்றது? கச்சான் வீசும் மாதங்களில் நண்பகற் பொழுதில் எங்கள் கரையில் நின்று படம் எடுத்துப் பாருங்கள். நம் கண், ஒளி மிகுந்த வானத்தையும் தென்னை நிழலில் நிற்கும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டையும் தெளிவாகவே உணர்ந்து கொள்ளும். கமராவுக்கு அந்த வல்லமை குறைவு. மனிதர் முகம் தெரியும்படி ஒளியை அளந்தால் வானம் வெளிறி, வெள்ளைத் தாள் போலாகிவிடும். வானத்துக்கு அளந்தால் முகம் கரிய நிழலாகும்.

இது இன்று தோன்றிய இடர் அன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வழங்கிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியும் உணர்ச்சி உடையன. பச்சை, சிவப்பு ஆகியவற்றை அவை சரிவரப் பதிக்கமாட்டா. ஆகவே நிலம் பதிவதற்குள் வானம் அளவுக்கு மிஞ்சிப் பதிந்து, முகிலெல்லாம் அழிந்துபோகும். பிரெஞ்சுக் கலைஞர் கஸ்தாவ் லெ கிரே என்பவர் 1856, 1857 ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு வேறொரு தகடு எனத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் அடிவானக் கோட்டிலே இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். அவருடைய கடற்காட்சிகளைக் கண்டு அக்காலத்தார் வியந்தனர். பிற்பாடு நல்ல முகில்களைத் தகடுகளிற் பதித்துச் சேமித்து வைத்து, வேண்டிய நிலத்துக்கு வேண்டிய வானத்தைப் பொருத்துவது படப்பிடிப்பாளரிடையே வழக்கமாயிற்று. 1873 இல் ஜேர்மனியரான ஹெர்மன் வோகல், தகட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களும் பதியும் என்று கண்டறிந்ததிலிருந்து அத்தேவை மெல்ல மெல்லக் குறைந்தது. ஆசை குறைந்ததா என்பது வேறு விடயம்.

இருட்டறையில் ஒரு நாள் முழுதும் பாடுபட்டுச் செய்த வேலையைக் கணினி இன்று சில விநாடிகளில் முடிக்கின்றது. போட்டோஷொப் என்னும் மென்பொருள் 1990 இல் வெளிவந்தது. ஆயினும் நெடுங்காலம் வானத்தின் ஓரத்தைக் கையாலேயே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. 2019 இல் லூமினார் என்ற மென்பொருளும், 2020 இல் போட்டோஷொப்பும், வானத்தைத் தாமே இனங்கண்டு மாற்றும் கருவியுடன் வந்தன.

அக்கருவி செய்வது யாது? 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் நோக்கி, ‘இது வானமா, அன்றா?’ என்று அது வினவுகிறது. முன்னரே எண்ணற்ற படங்களைக் காட்டிப் பழக்கியிருப்பதால் விடையை ஊகிக்கிறது. விடை ஆம், இல்லை என்ற இரண்டோடு நில்லாது. தென்னோலையின் நுனியில் உள்ள புள்ளி பாதி ஓலை, பாதி வானம். ஆதலால் 0 முதல் 255 வரை படிகள் வகுத்து, வானத்தின் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்குப் புதிய வானம் புகவிடப்படுகின்றது. மறைப்புத் தாளின் ஓரத்தை மென்மையாகச் சீவிவிட்டாற்போல என்று இதனைக் கூறலாம். பின்னர் புதிய வானத்தின் நிறச்சாயலை நிலத்தின் மேலும் சிறிது பூசுகின்றது. செவ்வானம் வைத்தால் மணலும் செம்மை ஏற்கும். ஓலையைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிவதெல்லாம் பழைய, கவனக்குறைவான வேலையின் அடையாளம். இப்போது அதனை நம்பி இருக்க இயலாது.

பின் எதனை நம்புவது? ஒளியின் நடத்தையைத்தான். கதிரவன் கடலின் மேலே தாழ்ந்து நம் எதிரே நின்றால், கரையில் நிற்பவரின் நிழல் நீண்டு நம்மை நோக்கி வரவேண்டும். என் கலண்டரில் தோணிகளின் நிழல் அவற்றின் அடியிலேயே சுருண்டு கிடந்தது! நீர்ப்பரப்பையும் பாருங்கள். களப்பு நீர் அசையாதிருந்தால் மேலே உள்ள முகில் கீழேயும் தெரிய வேண்டும். பெருநாள் வாழ்த்துப் படங்களில் நான் அடிக்கடி காணும் பிழை வேறு. பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால், கிழக்குக் கடலின் மேல், பெரிய இளம்பிறை ஒன்று செங்குத்தாக நிற்கும். அதன் வளைவுக்குள் ஒரு விண்மீனும் ஒளிரும். இளம்பிறை, மறையும் சூரியனை நோக்கியே ஒளி முகம் காட்டுவது. பொழுது பட்டபின் மேற்றிசையில் சற்று நேரமே தோன்றும். நிலநடுக்கோட்டை அண்டிய எங்கள் பகுதியில் அது பெரும்பாலும் தோணிபோல் மல்லாந்தே கிடக்கும். வளைவுக்குள் இருப்பதோ சந்திரனின் இருண்ட உடல். அதனை ஊடுருவி விண்மீன் தெரியாது. பிறை பார்க்கக் கூடிநின்று பழகிய ஊரார் இப்படத்தை எப்படி ஏற்கின்றனர் என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர்.

வாழ்த்துப் படத்தில் இவ்வாறு நேர்வதால் எவர்க்கும் கேடில்லை என்று விட்டுவிடலாம். திருமணப் படத்துக்கு நீலவானம் கேட்பவரையும் நான் குறை கூறேன். செய்தியும் சான்றுமாகும் படங்களின் நிலை வேறு. 2006 ஆகஸ்டில் பெய்ரூத் நகரின் வானில் எழுந்த புகையைக் கணினியில் மிகுவித்துக் காட்டிய ஒரு படத்தை ரொய்ட்டர் செய்தி நிறுவனம் வெளியிட்டு, பிழை வெளிப்பட்டதும் மீளப்பெற்றது. அப்படப்பிடிப்பாளருடைய மற்றப் படங்களையும் தன் களஞ்சியத்திலிருந்து நீக்கியது. குண்டு வீழ்ந்தது மெய். புகை எழுந்ததும் மெய். ஆயினும் கூட்டிய சிறிது புகையினால், உள்ளதையும் ஐயுறும் நிலை வந்தது.

எங்கள் கரைக்கு இது மிகவும் நெருங்கிய விடயம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்புப் பகுதியைத் தாக்கிய சூறாவளி, வானமும் காற்றும் கூடி நடத்திய அழிவு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலையில் வந்த பேரலையோ அத்தகையதன்று. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பெயர்ந்ததால் எழுந்து, சுமார் இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் கரையை அடைந்தது. புயல் ஏதும் இல்லை. வானம் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பேரலையைப் பற்றிய ஒரு படத்துக்கு, அச்சம் மிகட்டும் என்று கருமுகிலையும் மின்னலையும் ஒருவர் பொருத்துகிறார் என்று கொள்ளுங்கள். அதனைப் பார்த்து வளரும் பிள்ளை, கடல் பொங்குமுன் வானம் கறுக்கும் என்றே கற்றுக்கொள்ளும். வானம் வெளுத்திருக்கையில் கடல் திடீரென உள்வாங்கினால், ஓடவேண்டிய அந்தப் பிள்ளை சிப்பி பொறுக்க இறங்கிவிடும்.

கரை அரிப்பும் அப்படியே. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் நிலத்தைத் தின்று வருவதை ஊரவர் ஆண்டுதோறும் படமெடுக்கின்றனர். முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட அடிவானக் கோடே அளவுகோல். புதிய வானத்தைப் பொருத்துகையில் அக்கோடு சற்றே மேலும் கீழும் மறைக்கப்படக்கூடும். தென்னை நுனிகள் சில மறைந்தும் போகும். இழந்த நிலத்துக்கு நட்டஈடு கேட்கச் செல்பவர் கையில், அழகு செய்யப்பட்ட படம் இருப்பதிலும் வெளிறிய வானத்தோடு கூடிய மூலப்படம் இருப்பதே நன்று. மூலப்படத்தை, எடுத்த திகதியோடு, தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாற்றிய படத்தை வெளியிடுவோர் ‘வானம் மாற்றப்பட்டது’ என்று அடியில் இரு சொல் அச்சிடலாம். அதற்குப் பெரிய இடம் தேவையில்லை.

மாற்றாமலே நல்ல வானம் வேண்டுவோர்க்கும் வழி உண்டு. முக்காலியில் கமராவை அசையாமல் நிறுத்தி, வானத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என அடுத்தடுத்து இரு படங்கள் எடுத்து இணைக்கலாம். லெ கிரே செய்ததும் ஏறக்குறைய இதுவே. எனினும் இங்கே இரண்டும் ஒரே இடத்தின், ஒரே வேளையின் படங்கள். அன்றேல் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் பக்கம் வந்து நில்லுங்கள். தோணிகள் திரும்பும் நேரம். அப்போது கிழக்கே சிவப்பது கடலின் மேல்தான்.