ஒரு தலைமுடி போதும்

அந்தமான் கடலுக்குள் கேமராவோடு இறங்கப் போகிறீர்களா? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே உங்கள் கேமராவைக் காப்பது, நீர்புகாப் பெட்டியின் விளிம்பில் இருக்கும் மெல்லிய ரப்பர் வளையம்தான். அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ ஒட்டியிருந்தால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். பிறகு கேமரா பிழைப்பது அரிது. ஆகவே புதுப் பெட்டியை முதலில் கேமரா இல்லாமல், வெறுமையாகத் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். கரையேறியதும் உப்பு காயும் முன்பே நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, பொத்தான்களை அழுத்தி அழுத்தி அலசுங்கள்.

இன்னொன்று, ஆழம் கூடக்கூட முதலில் மறைவது சிவப்பு நிறம். விளக்கும் கூடவே வரட்டும். படத்துக்காகப் பவளப்பாறையைப் பிடித்து நிற்காதீர்கள், நேயர்களே. அது உயிருள்ளது.