வீதியில்லாத ஊர்களின் கப்பல்

சரக்குக் கப்பலில் பயணம் என்றதும் எம்மவர் பலருக்கு மனம் கனத்துவிடும். 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி 'சன் சீ' என்ற பழைய சரக்குக் கப்பல் 492 தமிழர்களைச் சுமந்துகொண்டு பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து, கனடாவின் வன்கூவர் தீவிலுள்ள எஸ்குவைமால்ட் துறைமுகத்தை அடைந்தது. அவர்களில் 63 பேர் பெண்கள், 49 பேர் சிறுவர்கள். அதற்கு முதல் ஆண்டு ஒக்டோபரில் 'ஓஷன் லேடி' என்ற கப்பல் 76 ஆண்களுடன் அதே தீவின் கரைக்கு வந்திருந்தது. ஆட்களை ஏற்றுவதற்கென்று அமைக்கப்படாத கப்பல்கள் அவை.

அதே தீவின் மேற்குக் கரையில், சாமான்களையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் செல்வதற்கென்றே அமைந்த சிறு கப்பல்கள் நெடுங்காலமாக ஓடி வந்தன என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. கனடாவில் வசிக்கும் என் தமக்கையிடம் 2013ஆம் ஆண்டு கோடையில் சென்றிருந்தபோது, அப்படியான ஒரு கப்பலில் ஒரு நாள் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கப்பலின் பெயர் 'பிரான்சஸ் பார்க்லி'. ஒரு பெண்ணின் பெயர்தான்!

சாமான் ஏறும் நேரம்

வன்கூவர் நகரம் பெருநிலத்தில் இருக்கிறது; வன்கூவர் தீவு வேறு. நகரத்திலிருந்து பெரிய படகில் கடலைக் கடந்து நனைமோ என்ற ஊருக்குச் சென்று, அங்கிருந்து மலைப் பாதையால் போர்ட் அல்பேர்னிக்குப் போக வேண்டும். மரம் அரியும் ஆலைகளுக்கும் மீன்பிடிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. முதல்நாளே போய்த் தங்கினோம். ஏனெனில் கப்பல் காலை 8 மணிக்குப் புறப்பட்டுவிடும்.

நாங்கள் இறங்குதுறைக்குச் சென்றபோது கப்பலின் முற்பகுதியில் பாரந்தூக்கி வேலை செய்துகொண்டிருந்தது. மா மூடைகள், பால், மரக்கறிப் பெட்டிகள், எரிவாயுச் சிலிண்டர்கள், பலகைகள், ஒரு சலவை இயந்திரம் என்று ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. கடைக்குப் போகும் சாமான்கள் மட்டுமல்ல, தனித்தனி வீடுகளுக்குப் போகும் சாமான்களும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால்தான் நாங்கள் ஏறினோம். இந்தக் கப்பலில் முதல் மரியாதை சாமானுக்குத்தான் என்று தமக்கை சிரித்தாள்.

கப்பல் 1958இல் நோர்வேயில் கட்டப்பட்டது. 1990இல் வாங்கப்பட்டு அத்திலாந்திக் சமுத்திரத்தையும் பனாமாக் கால்வாயையும் கடந்து இங்கே வந்தது. நீளம் 128 அடி. ஏறத்தாழ 200 பேரையும் 100 தொன் சாமானையும் ஏற்றக்கூடியது. கீழே ஒரு சிறிய சமையலறை. அங்கே கோப்பியும் காலை உணவும் கிடைத்தன. இதற்கு முன்னர் இதே வழியில் பல ஆண்டுகள் ஓடிய கப்பல் 'லேடி றோஸ்'. 1937இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அச்சிறு கப்பலும் தன் சொந்த இயந்திரத்தின் பலத்திலேயே அத்திலாந்திக்கைக் கடந்து வந்ததாம்.

மிதக்கும் தபாற் கந்தோர்

போர்ட் அல்பேர்னியிலிருந்து திறந்த கடல் வரை சுமார் 40 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிய கடற்கழி ஒன்று செல்கிறது. இரு பக்கமும் செங்குத்தான மலைகள். தண்ணீரின் விளிம்பு வரை தேவதாருவும் ஊசியிலை மரங்களும் நெருங்கி நிற்கின்றன. அமைதியான இந்தக் கழிதான் 1964 மார்ச்சில் அலஸ்காவில் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தின் கடல் அலைகளை நள்ளிரவுக்குப் பின் போர்ட் அல்பேர்னி வரை கொண்டுவந்தது. ஒடுக்கமான வழியில் வந்ததால் அலைகள் மேலும் உயர்ந்தன. வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயினும் அந்த ஊரில் ஒரு உயிரேனும் போகவில்லை.

இரண்டு மணி நேரம் ஓடியபின் கில்டோனன் என்ற இடத்தில் கப்பல் வேகத்தைக் குறைத்தது. முன்பு மீன் பதனிடும் ஆலை இயங்கிய இடம் அது. ஆலை மூடப்பட்டபின் எஞ்சியவை சில வீடுகளும் ஒரு மிதக்கும் தபாற் கந்தோரும்தான். ஆம், கந்தோரே தண்ணீரில் மிதந்தது. கப்பல் அதன் அருகே மெதுவாக ஒட்டி நின்றது. ஒரு தபாற்பையும் இரண்டு பெட்டிகளும் கைமாறின. இரண்டு வார்த்தை கதைத்தார்கள், கப்பல் புறப்பட்டுவிட்டது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் வள்ளமேறிப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தோன்றாது.

கப்பலில் எங்கள் அருகே அமர்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு முதிய பெண்மணியுடன் கதைக்கத் தொடங்கினோம். பயணத்தின் முடிவிலுள்ள பாம்ஃபீல்ட் கிராமத்தில் வசிப்பவர். கண் வைத்தியரைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். அக்காலத்தில் கப்பல் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களில் பாம்ஃபீல்ட் போய் வந்தது. ஊரிலிருந்து மத்தியானம்தான் புறப்படும். மாலையில் போர்ட் அல்பேர்னியை அடையும்போது வைத்தியசாலைகளும் கந்தோர்களும் மூடியிருக்கும். எனவே செவ்வாய் புறப்பட்டு, புதன் வைத்தியரைப் பார்த்து, வியாழன் வீடு திரும்ப வேண்டும். ஒரு வைத்தியரைப் பார்க்க மூன்று நாட்கள்!

"வாகனம் ஓடுவோருக்குக் காட்டுப் பாதை இருக்கிறது. எனக்கு இப்போது கண் சரியில்லை, ஓட முடியாது. பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் கெஞ்சவும் மனமில்லை. இந்தக் கப்பல் இருக்கும்வரை நான் ஒருவரையும் கேட்கத் தேவையில்லை" என்றார் அவர்.

இந்த வார்த்தைகள் என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டன. ஒரு பெண் வீட்டை விட்டுத் தன்னந்தனியாகப் போய்வர முடிவது எவ்வளவு பெரிய விடயம்! பாதை இருந்தால் போதாது. அதில் போவதற்கான வழியும் அவள் கையில் இருக்க வேண்டும்.

பிரான்சஸ் யார்?

கழி விரிந்து, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகள் சிதறிக் கிடக்கும் பார்க்லி விரிகுடாவாகிறது. கப்பலின் பெயரும் விரிகுடாவின் பெயரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1786இல் பிரான்சஸ் என்ற 17 வயது ஆங்கிலப் பெண், சார்ள்ஸ் பார்க்லி என்ற கப்பற் தலைவரை மணந்தாள். திருமணமான அடுத்த மாதமே கணவனுடன் 'இம்பீரியல் ஈகிள்' என்ற வணிகக் கப்பலில் ஏறினாள். நீர்நாய்த் தோல் வாங்கிச் சீனாவில் விற்பதற்காகப் புறப்பட்ட கப்பல் அது. 1787 ஜூனில் அவள் வன்கூவர் தீவின் நூட்கா கரையை அடைந்தாள். இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த முதல் ஐரோப்பியப் பெண் அவளே. ஆண் வேடம் பூணாமல் உலகைச் சுற்றிவந்த முதற் பெண் என்றும் அவளைக் குறிப்பிடுவர். தன் அனுபவங்களை அவர் எழுத அமர்ந்தது 1836இல், முதுமையில். அதற்குள் எத்தனையோ கடல்களையும் துயரங்களையும் கண்டிருந்தார்.

அதே கப்பலில் இன்னொரு பெண்ணும் இருந்தாள். ஹவாய்த் தீவில் பிரான்சஸுக்குப் பணிப்பெண்ணாக ஏற்றப்பட்ட வினி என்பவள். பதிவுகளில் காணப்படுபவர்களுள் இக்கரைக்கு வந்த முதல் ஹவாய்வாசி அவள்தான். சீனக் கரையை அடைந்தபோது நோயுற்றாள். ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட வழியில், 1788 பெப்ரவரியில், கப்பலிலேயே இறந்தாள். எஜமானியின் பெயர் கப்பலுக்கு இருக்கிறது. பணிப்பெண்ணின் பெயரையும் நாம் ஒருமுறை சொல்லிக்கொள்வோம்.

புயலில் நடந்த பெண்

மதியம் பாம்ஃபீல்டை அடைந்தோம். சிறிய நீர்வழி ஒன்று கிராமத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குப் பக்கத்துக்கு வீதித் தொடர்பு கிடையாது. வீடுகளையும் கடையையும் இணைப்பது தண்ணீரோரமாகச் செல்லும் பலகை நடைபாதை. பக்கத்து வீட்டுக்கு நடந்து போகலாம். எதிர்க்கரைக்கு வள்ளம் வேண்டும். பெட்டிகளிலிருந்த பெயர்களுக்கு உரியவர்கள் தள்ளுவண்டிகளுடன் துறையில் காத்து நின்றார்கள்.

இந்தச் சிற்றூருக்கு ஒரு பெரிய வரலாறும் உண்டு. 1902இல் பசுபிக் சமுத்திரத்தின் அடியால் போடப்பட்ட தந்திக் கம்பி இங்கேதான் கரையேறியது. இங்கிருந்து ஃபானிங் தீவு வரை சுமார் 6,400 கிலோமீற்றர். அங்கிருந்து பீஜி வழியாக அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். 1959இல் அந்த நிலையம் மூடப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் கடல் ஆய்வு நிலையம் அமைந்தது.

ஆனால் உலகத்தின் மறுபக்கத்துக்குச் செய்தி அனுப்பிய ஊரில், பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் செய்தி சொல்ல முடியாத ஒரு நாளும் இருந்தது. 1906 ஜனவரியில் 'வலென்சியா' என்ற பயணிகள் கப்பல் இக்கரையின் பாறைகளில் மோதியது. தப்பியவர்கள் 37 பேர். அனைவரும் ஆண்கள். ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ தப்பவில்லை. அந்தத் துயரம் நடந்த அதே ஆண்டு டிசெம்பரில் 'கொலோமா' என்ற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கி, பீல் முனைக் கலங்கரை விளக்கத்தின் அருகே பாறைகளை நோக்கி அடித்து வரப்பட்டது. தொலைபேசிக் கம்பி அறுந்துபோயிருந்தது. காவலர் விளக்கை விட்டு அகல முடியாது. அவருடைய மனைவி மினி பற்றர்சன், ஐந்து பிள்ளைகளின் தாய், கணவரின் மென்செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் விளக்குடனும் துணைக்கு நாயுடனும் காட்டுக்குள் இறங்கினார். விழுந்த மரங்களையும் சேற்றையும் தாண்டிச் சுமார் 10 கிலோமீற்றர் நடந்தார். தந்திக் கம்பி பார்ப்பவரின் வீட்டை அடைந்தபோது அவர் அங்கில்லை. மனைவி அனி மக்கே மட்டுமே இருந்தார். இரு பெண்களும் வள்ளத்தை இறக்கித் துடுப்பு வலித்து, துறையில் நங்கூரமிட்டிருந்த 'குவாட்ரா' என்ற அரசாங்கக் கப்பலுக்குச் செய்தி சொன்னார்கள். மாலுமிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். மினி மீண்டும் நடந்தே தன் பிள்ளைகளிடம் திரும்பினார். ஐந்து ஆண்டுகளின் பின், 1911இல், காசநோயால் காலமானார்.

மேட்டில் இருந்தவர்கள்

பார்க்லி என்ற பெயர் வருமுன்னரே இந்தக் கரைக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஹூ-ஆய்-ஆட் எனப்படும் ஆதிக்குடிகள் இங்கே தொன்றுதொட்டு வாழ்கிறார்கள். பாம்ஃபீல்டுக்கு அருகே பச்சீனா குடாவில் இருந்த அவர்களது ஊரை ஓர் இரவில் பூமி நடுங்கிக் கடல் வந்து அழித்ததாகவும், மேட்டு நிலத்தில் இருந்தவர்களே தப்பியதாகவும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். பிற்காலத்தில் விஞ்ஞானிகள் ஜப்பானியப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டு, அது 1700ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி நிகழ்ந்ததென்று கண்டறிந்தனர். 2004 டிசெம்பரில் கடல் என்ன செய்யும் என்பதைக் கண்ட எமக்கு, பாட்டிமார் சொன்ன கதை பொய்யாகாது என்பது விளங்கும்.

பாதை வந்த பிறகு

பாம்ஃபீல்டுக்குச் செல்லும் காட்டுப் பாதை ஏறத்தாழ 80 கிலோமீற்றர். மரலொறிகளுக்காகப் போடப்பட்ட கிரவல் பாதை. 2019 செப்டெம்பரில் அதில் ஒரு பஸ் புரண்டு, பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். பாதையைத் திருத்தவேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த ஹூ-ஆய்-ஆட் மக்களும் மாகாண அரசும் சேர்ந்து பணம் ஒதுக்கினார்கள். வேலை 2023இல் முடிவுற்றது. அது பெரும் நன்மையே. நோயாளியை இரவிலும் கொண்டு போகலாம். பாடசாலைப் பிள்ளைகள் பயமின்றிப் பயணிக்கலாம்.

ஆனால் பாதை நல்லதானால் சாமான்கள் லொறியில் ஏறத் தொடங்கும். சாமான் குறைந்தால் இப்படியான கப்பலுக்கு வருமானமும் குறையும். மாரியில் நாலைந்து பயணிகளுக்காக மட்டும் ஒரு கப்பலை ஓட்ட எவராலும் முடியாது. அவர்களோடு மா மூடையும் பலகையும் ஏறியபடியால்தான், கோடையில் எம்மைப் போன்ற உல்லாசப் பயணிகள் வந்தபடியால்தான், அந்த ஆசனங்கள் இருந்தன. சாமானும் மனிதரும் ஒருவரையொருவர் சுமந்தார்கள் எனலாம்.

ஓர் ஊருக்குப் பாதையோ பாலமோ வரும்போது மகிழ்வோம். அதே வேளை, வாகனம் இல்லாதவர்கள் எப்படிப் போவார்கள் என்ற கேள்வியையும் அன்றே கேட்க வேண்டும். அவர்களில் அநேகர் முதியவர்கள், பெண்கள், நோயாளிகள். பஸ் ஓடுமா? எத்தனை மணிக்கு? வைத்தியரைப் பார்த்துவிட்டு அன்றே வீடு திரும்ப முடியுமா? எமது தீவுகளிலும் கரையோரக் கிராமங்களிலும் கூட்டங்கள் கூடும்போது பெண்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இவை. நேர அட்டவணை எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த வள்ளத்தில் ஏறுவதில்லை. ஏறுபவர்கள்தாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.