துணியின் ஆயுளும் அலமாரியின் கணக்கும்

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் ஜவுளிக்கடைப் படியேறுகிறவர்களில் அநேகர், வீட்டு அலமாரியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்ற ஞாபகத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்கள்; அந்த ஞாபகத்தோடு நுழைகிறவருக்கோ பெருக்கல் வாய்ப்பாடு ஒன்றே போதிய துணையாகிவிடுகிறது. 5 சட்டையும் 3 கால்சட்டையும் உடைய ஒருவர், எதை எதோடு அணிந்தாலும் நிறம் இசையுமாறு தேர்ந்திருப்பாரானால், 15 விதமாக உடுத்தலாம். ஆறாவது சட்டை ஒன்று வாங்கினால் அதனால் கூடுகிறவை மூன்றே விதம். அதற்குப் பதிலாக நான்காவது கால்சட்டை வாங்கினாலோ ஐந்து கூடும். எண்ணிக்கையில் எது குறைந்திருக்கிறதோ அதைக் கூட்டுவதே லாபம் என்றிருக்க, நாம் சட்டையின்மேல் சட்டையாகவே வாங்கிக் குவிக்கிறோம். போதாக்குறைக்கு, வேறெதனோடும் சேராத பகட்டு நிறமொன்று ஆசைப்பட்டு வாங்கப்பட்டு, தனக்கென ஒரு ஜோடியைத் தேட வைத்துச் செலவை இரட்டிப்பாக்கிவிடுகிறது.

இந்தக் கணக்கினுள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. 25 சட்டை வைத்திருப்பவர் ஒவ்வொன்றையும் வருஷத்தில் ஏறக்குறைய 15 முறை உடுத்துகிறார். ஐந்தே வைத்திருப்பவர் 73 முறை உடுத்துகிறார். உடுத்தியதை அன்றே துவைத்தாக வேண்டிய நமது சீதோஷ்ணத்தில், அத்தனை சலவையையும் அந்தத் துணி தாங்க வேண்டும். ஆடைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசிக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. யுத்த காலத்துப் பிரிட்டன் இதை நன்றாக உணர்ந்திருந்தது. 1941 ஜூன் 1ஆம் தேதி துணிக்கு ரேஷன் விதித்து, முதலாண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன் என்று வரையறுத்த அந்த அரசாங்கம், அளவைக் குறைத்ததோடு நில்லாமல், துணியின் தரத்தையும் நிர்ணயித்து, அதற்கிணங்கத் தயாரான ஆடைகளில் ‘சிசி41’ என்ற முத்திரையைப் பொறிக்கச் செய்தது.

துணியின் ஆயுள் அதன் இழையிலிருந்தே தொடங்குகிறது. குட்டையான பஞ்சிழைகள் பலவற்றை முறுக்கிப் பிணைத்ததே நூலாதலால், இழை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நூலிலிருந்து வெளியே தலைநீட்டும் முனைகள் குறைவு. முனைகள் மிகுந்த நூலில், கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் பையின் வார் உராயும் தோளிலும் அவை எழும்பி, ஒன்றோடொன்று பின்னிச் சிறு பஞ்சுருண்டைகளாகத் திரள்கின்றன. தனிப் பருத்தியில் அந்த உருண்டைகள் நாளடைவில் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியிலோ, வலிமை மிக்க பாலியஸ்டர் இழை அவற்றை விடாமல் பிடித்துக்கொள்வதால், கிழியாத சட்டைகூட உடுத்தத் தகாததாகிவிடுகிறது.

இதைவிட விசேஷமானது ஈரத்தின் விளைவு. பருத்தியும் ரேயானும் ரசாயன ரீதியில் ஒரே செல்லுலோஸ்தான் எனினும், நனைந்த பருத்தி உலர்ந்ததைவிட உறுதி பெறுகிறது. நனைந்த ரேயானோ தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கிறது. மரக்கூழைக் கரைத்து மறுபடியும் இழையாக்கும்போது செல்லுலோஸின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் குட்டையாகி, அவற்றின் ஒழுங்கான அடுக்கும் தளர்ந்துபோவதால், நீர் எளிதில் உட்புகுந்து அவற்றை விலக்கிவிடுகிறது. கல்லில் அடித்துத் துவைக்கும் வீட்டில் பருத்திப் புடவை வருஷக்கணக்கில் உழைக்க, ரேயான் சுடிதார் சில மாதங்களில் நைந்து போவதன் காரணம் இதுவே. ரேயானை முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிடுவதே அதற்கு ஏற்ற உபசாரம்.

கடையில் செய்யத்தக்க பரீட்சைகளும் உண்டு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நெசவின் நெருக்கமும் நூலின் மேடுபள்ளமும் தெரியும். ஆடையை உள்புறம் திருப்பினால், பிரித்துவிடுவதற்குத் தையலோரத்தில் போதிய துணி விட்டிருக்கிறார்களா என்பது புலப்படும். வளர்கிற பெண்ணின் பாவாடையில் டக் பிடித்துத் தைக்கச் சொல்லி, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்ட நம் தாய்மார்கள் இந்த சாஸ்திரத்தை நன்கறிந்தவர்கள். ஈரக் கைக்குட்டையால் உள்மடிப்பைத் தேய்த்துப் பார்ப்பதும் நலம். நிறம் ஒட்டினால், இழையோடு பிணையாத சாயத்தை ஆலையில் சரிவர அலசிப் போக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அந்த அலசல் நீரில்தான் நொய்யல் ஆற்றின் துயரமும் அடங்கியிருக்கிறது. பருத்தி இழையும் சாயமும் நீரில் ஒரே வகை மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால், அந்த விலக்கலைத் தணித்துச் சாயத்தை இழையிடம் சேர்க்கத் தொட்டியில் உப்பு இடுகிறார்கள். நிறம் அடர அடர உப்பும் மிகுகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, விளைநிலங்களையும் கிணறுகளையும் பாழாக்கிய பிறகு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே வடிகட்டி மீண்டும் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், எஞ்சிய உப்புக்கரைசலைக் காய்ச்சி வற்றச் செய்ய ஏராளமான எரிசக்தி செலவாகிறது.

ஆகவே, அடர்நிறத்தை அடிக்கடி துவைக்க வேண்டாத இரண்டொரு கால்சட்டைகளுக்கு ஒதுக்கி, தினமும் வியர்வையில் நனையும் சட்டைகளை வெளிர்நிறத்தில் தேர்வது உசிதம். சாயம் வெளுத்தது சட்டென்று கண்ணில் படுவதும் அடர்நிறத்தில்தான். அன்றியும், எல்லாக் கால்சட்டையோடும் எளிதில் இசைவது வெளிர்நிறச் சட்டையே.